பெயிண்டர் அமர்த்தும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்கும் மூன்று வகைச் சேவையும், எது யாருக்கு ஒத்துவரும் என்பதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் பிடிக்க மூன்று வழி இருக்கிறது. பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் பேசும் லேபர் காண்ட்ராக்ட் ஒன்று. பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகப் பேசிவிடும் காண்ட்ராக்ட் இன்னொன்று. பெயிண்ட் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே நடத்தும் சேவை மூன்றாவது. தினக்கூலிக்கு ஆள் வைப்பதும் உண்டு. ஆனால் ஒரு அறை, ஒரு கேட் என்று சில்லறை வேலைக்குத்தான் அது சரிப்படும். வீடு முழுக்க அப்படிக் கொடுத்தால் நாள் இழுக்கும்.

பகலில் வீட்டில் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்றால் லேபர் காண்ட்ராக்ட்தான் நல்லது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஓசூரில் அபார்ட்மென்ட், உள்பக்கம் மட்டும் மறுபடி அடிக்க வேண்டும் என்றால் கம்பெனி சேவைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது. பொருளோடு சேர்த்து மொத்தமாக விடுவது, என்ன பொருள், எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்காதவரை, மூன்றிலும் ஆபத்தானது. அந்த முறையில் பட்டியிலும் (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன் செய்ய இழுக்கும் பூச்சு) பெயிண்டிலும் மிச்சம் பிடிப்பதெல்லாம் அடிப்பவருக்கு லாபம். அந்த மிச்சம் நம் சுவரிலிருந்துதான் போகிறது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பெயிண்டர் வேலையில் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டு நாள் மட்டும். ஆயிரம் சதுர அடிப் புது வீட்டுக்கு உள்பக்கம் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, இரண்டு கோட்டு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) போட நான்கு பேர் இருந்தாலும் பத்து நாளுக்குக் குறையாது. அதில் நிறம் ஏறுவது கடைசியில்தான். அதற்கு முன்னால் நடக்கும் சுரண்டல், பூச்சு ஒட்டு, தேய்ப்பு, தூசி துடைப்பு இவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றால், சுவரைத் தயார் செய்வதில் அவர் எப்படி என்று பார்ப்பதுதான்.

வேலை பேசுவதற்கு முன் காலத்தைக் கவனியுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மூன்று நான்கு வாரங்களில் நல்ல குழு கிடைப்பது கடினம். கிடைத்தாலும் ஒரே சமயத்தில் மூன்று வீடு ஒப்புக்கொண்டு, ஒரு வீட்டில் பட்டி காயும்போது இன்னொரு வீட்டுக்கு ஓடுவார்கள். கைத்திறன் உள்ளவர்களில் பலர் பெங்களூரு வேலைக்குப் போய்விடுவதும் இந்தப் பகுதியின் நிலைமை. வெளிச்சுவருக்குத் தை முதல் பங்குனி வரை அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகையில் வெளிவேலையைத் தொடவே வேண்டாம். சித்திரை வெயிலில் அடிக்கலாம், ஆனால் வெயில் நேராக விழும் சுவரில் அடிக்கக் கூடாது. சூடான சுவரில் பெயிண்டின் தண்ணீர் உடனே இழுத்துக்கொள்ளும். ரோலர் ஓட்டிய தடம் பட்டை பட்டையாகத் தெரியும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்குப் பிறகு கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போகிற பெயிண்டர் விவரமானவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி சுவரில் ஈரமாக நிற்கும். அது காய்ந்த பிறகே கை வைக்க வேண்டும். அதேபோல மாலை 4 மணிக்கு மேல் கடைசிக் கோட்டு போட்டால் இரவுப் பனி விழுந்து வெள்ளைத் திட்டு வரும்.

ஆளைப் பார்க்கும்போது போன மாதம் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். புதிதாக அடித்த எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் கேளுங்கள். அங்கே போய் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்பக்கம், சன்ஷேடின் அடிப்பாகம், குளியலறைக்கு வெளிப்புறச் சுவர், தரையிலிருந்து இரண்டடி உயரம் ஆகிய நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். கொப்பளமோ பொருக்கோ இல்லையென்றால் அவர் கை நம்பத்தக்கது.

உங்கள் வீட்டுக்கு வந்து அவர் சுவரைத் தொடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். நின்ற இடத்திலிருந்தே "பட்டி ரெண்டு கோட்டு, பிரைமர் ஒண்ணு, பெயிண்ட் ரெண்டு" என்று ஒப்பிப்பவர் எல்லா வீட்டுக்கும் அதையேதான் சொல்வார். தெரிந்தவர் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்து மாவு ஒட்டுகிறதா என்று பார்ப்பார். விரல் முட்டியால் தட்டி, பூச்சு பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தைக் குறித்துக்கொள்வார். ஒரு மூலையில் தகடு வைத்துச் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அடியில் சுண்ணாம்பு இருந்தால் ஒரு வேலை, பழைய டிஸ்டம்பர் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் மலிவுப் பெயிண்ட்) என்றால் ஒரு வேலை, எமல்ஷன் என்றால் வேறு வேலை.

சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் நேராக எமல்ஷன் போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்தே தோல் உரிவதுபோல் உரிந்து வரும். முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும்; இதற்குத் தனிக் கூலி கேட்பதில் நியாயம் இருக்கிறது. டிஸ்டம்பரும் அப்படித்தான், ஈரத்துணியால் துடைத்தாலே நிறம் வரும். கழுவிச் சுரண்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய எமல்ஷன் என்றால் முழுச் சுவருக்கும் பட்டி தேவையே இல்லை. எமரித் தாளால் பளபளப்பை எடுத்து, பள்ளம், ஆணி ஓட்டை மட்டும் அடைத்து, அடைத்த இடத்தில் பிரைமர் தொட்டு, இரண்டு கோட்டு போட்டால் போதும். மறுபடி அடிக்கும் வீட்டில் தேவையில்லாமல் முழுப் பட்டி பேசித்தான் பலருடைய பணம் கரைகிறது.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டு மூச்சு விடுகிற சுவர். அதன்மேல் சிமென்ட் பட்டியும் எமல்ஷனும் போட்டு மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று காரையே பெயர்ந்து வரும். கல் சுண்ணாம்பை ஊறவைத்து நீர்த்து, வடிகட்டி, பசையும் கொஞ்சம் நீலமும் சேர்த்து வெள்ளையடிப்பதுதான் அந்த வீட்டுக்கு மரியாதை. அதைச் செய்யத் தெரிந்த மூத்த கைகள் அரூர், பென்னாகரம் பக்கக் கிராமங்களில் விசாரித்துத் தேட வேண்டியவர்கள். சதுர அடிக் கணக்குக்கு அவர்கள் வரமாட்டார்கள்; தினக்கூலியே பேசுங்கள்.

அடுத்தது ஓதம். இந்த வேலையில் அதிகம் ஏமாற்றம் நடக்கும் இடம் இதுதான், பெயிண்டரும் வீட்டுக்காரரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். சுவரின் அடியில் இரண்டு மூன்றடிக்கு உப்பு பூத்து மாவாக உதிர்கிறது என்றால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பின்னால் குளியலறைக் குழாய். கூரையோரம் என்றால் மாடித் தளத்தில் தண்ணீர் நிற்கிறது. "டேம்ப் புரூப் ஒரு கோட்டு அடிச்சா சரியாயிடும்" என்று சொல்பவரிடம் நிதானமாக இருங்கள். உள்பக்கம் அடைத்தால் ஈரம் நிற்காது, இன்னும் ஒரு அடி மேலே ஏறி வேறு இடத்தில் வெளிவரும். தண்ணீர் வரும் வழியை அடைப்பது கொத்தனார், பிளம்பர் வேலை. ஓதம் தெரியும் எல்லைக்கு மேலே ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகே பெயிண்டர் வர வேண்டும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. ஓரடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கட்டியிருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. புதுப் பூச்சுக்கு 28 நாளாவது விட வேண்டும். அவசரப்பட்டால் சிமென்டின் காரம் பெயிண்டைக் கடித்து, அடர் நிறங்களில் வெளிறிய திட்டுகள் வரும். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி எடுத்து, பத்து நாள் கழித்து மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள்.

நம் பகுதியின் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, உப்பும் ஃபுளோரைடும் அதிகம். பட்டி குழைக்கவும் பெயிண்ட் கலக்கவும் அதைப் பயன்படுத்தாமல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக் கொடுங்கள். ஒரு வீட்டுக்கு ஆகும் அளவு பெரிதல்ல.

பட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளை சிமென்ட் பட்டி, அக்ரிலிக் பட்டி என்று இரண்டு உண்டு. சிமென்ட் பட்டி மூட்டையில் தூளாக வரும். நேரடியாகச் சிமென்ட் பூச்சின் மேல்தான் அது பிடிக்கும். பழைய பெயிண்டின் மேல் போட்டால் தகடாகக் கழன்று வரும். அதற்குக் கீழே பிரைமர் அடிக்கக் கூடாது, சுவரை லேசாக நனைத்துவிட்டுப் பார்த்தால் போதும். அக்ரிலிக் பட்டி குழைத்த பதத்திலேயே வாளியில் வரும். அது உள்பக்கத்துக்கு மட்டும். பிரைமர் அடித்த பிறகு பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் மழை பட்டால் இளகிவிடும். இந்த இரண்டு வரிசையையும் மாற்றிச் சொல்லும் பெயிண்டரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பூச்சில் பெரிய பள்ளம் இருந்தால் அதைக் கொத்தனார்தான் சிமென்டில் நிரப்ப வேண்டும். பட்டியாலேயே சமன் செய்யப் போனால் தடித்த இடத்தில் வெடிக்கும். குழைத்த சிமென்ட் பட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிண்டிப் பூசுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், அது மாவாக உதிரும். எம் சாண்டில் பூசிய சுவர்களில் மயிரிழை விரிசல் அடிக்கடி வரும். விரிசலை ஆங்கில வி எழுத்துப்போல் கீறி, தூசி தட்டி, விரிசல் அடைக்கும் பேஸ்ட்டால் நிரப்பிய பிறகே பட்டி. அப்படியே மேலே இழுத்துவிட்டால் ஆறு மாதத்தில் அதே கோடு திரும்ப வரும்.

தேய்ப்புக்கு 180 அல்லது 220 நம்பர் எமரி. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம், தகடு இழுத்த கோடு எல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்தால் மறுநாள் அவர்களே சரி செய்வார்கள். பிரைமர் ஏறிய பிறகு சொன்னால் யாருக்கும் மனம் வராது. தேய்த்த தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடிப்பது மிக அதிகமாக நடக்கும் தவறு. பிரைமர் சுவரில் ஒட்டாமல் தூசியில் ஒட்டுகிறது, பிறகு செல்லோ டேப் ஒட்டி எடுத்தாலே பெயிண்டும் கூட வரும். தேய்ப்பவர்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போவது. நாளெல்லாம் அதில் நிற்பவர்களின் உயிர் விஷயம் அது.

இனி அளவு. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தோடு பெருக்கினால் 440. மேல் தளம் 120. மொத்தம் 560 சதுர அடி. ஒரு கதவு 7க்கு 3, ஒரு ஜன்னல் 4க்கு 4 கழித்தால் 523. கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதில்தான் கடைசி நாளில் சண்டை வரும். நிலைப் பக்கங்களுக்கு ஆகும் வேலைக்காகக் கழிக்காமல் விடுவது பல குழுக்களின் வழக்கம். எதுவானாலும் முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். ஒருவர் 14 ரூபாய் கழிக்காமல், இன்னொருவர் 15 ரூபாய் கழித்து என்றால், இந்த அறைக்கு முதலாமவர் 7,840, இரண்டாமவர் 7,845. அதிகம் கேட்டதுபோல் தெரிந்தவரும் குறைத்துக் கேட்டவரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். ரேட்டை மட்டும் கேட்டு முடிவு செய்தால் இது தெரியாது.

அதே அறைக்குப் பொருள்: 40 கிலோ சிமென்ட் பட்டி மூட்டை இரண்டு கோட்டுக்கு, சுவரின் சமத்தைப் பொறுத்து, 400 முதல் 600 சதுர அடி வரும். ஆக ஒரு மூட்டை, கரடான சுவர் என்றால் ஒன்றரை. பிரைமர் லிட்டருக்கு நூறு அடிச் சொச்சம், எனவே 5 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 அடி, அதாவது 10 லிட்டர் வாளி ஒன்று. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், இரண்டு வாளி கேட்பவரிடமும் அரை வாளியில் முடித்துவிட்டேன் என்பவரிடமும் ஏன் என்று கேட்கலாம். அரை வாளியில் முடிந்திருந்தால் தண்ணீர் அதிகம், அல்லது ஒரு கோட்டுதான் போட்டிருக்கிறார்.

பொருள் வாங்கக் கடைக்குப் பெயிண்டரையும் கூட்டிப் போகலாம், பில் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாளிக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்டருக்கான டோக்கன் இருக்கும். இப்போது ஸ்கேன் செய்தால் புள்ளி ஏறும் முறையும் வந்துவிட்டது. அது அவர்களுக்குக் கம்பெனி கொடுப்பது, அதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் "இந்தக் கம்பெனிதான் நல்லா நிக்கும்" என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் டோக்கனும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்து, அதே தரத்தில் இன்னொரு கம்பெனியின் விலையையும் கேளுங்கள். சீலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். காலி வாளிகளை வேலை முடியும்வரை ஒரு மூலையில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கை அங்கேயே தெரியும்.

நிறம் கடையில் மெஷினில் கலப்பது. கலந்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். அடர் நிறத்துக்கு வேறு பேஸ் (நிறம் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்ட்), விலையும் கூடும். ஒரே நிறத்தில் இரண்டு வாளி என்றால் அடிக்கும் முன் பெரிய டிரம்மில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே சுவரில் பாதி ஒரு சாயல், பாதி இன்னொரு சாயல். வெளிச்சுவருக்குப் பளிச் மஞ்சள், பளிச் சிவப்பு எடுத்தால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி, செங்கல் நிறம், மண் மஞ்சள் போன்றவை வருடக்கணக்கில் நிற்கும். நம் ஊர்ச் செம்மண் மழைக்குத் தெறித்துச் சுவரடியில் கறை போட்டுவிடும், அதனால் தரையிலிருந்து இரண்டடிக்கு அடர் காவியோ சாம்பலோ கொடுப்பது நல்ல யோசனை.

எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சாகியிருக்கும், வகைக்கு வகை மாறும். 40 சதவீதம் என்றிருந்தால் 10 லிட்டருக்கு 4 லிட்டர். கண் திட்டத்தில் ஊற்றாமல் மக்கால் அளக்கச் சொல்லுங்கள். ரோலரிலிருந்து தெறிப்பதும், சுவரில் வழிவதும், இரண்டு கோட்டுக்குப் பிறகும் அடிச்சுவர் தெரிவதும் தண்ணீர் கூடியதன் அடையாளம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது வேண்டும்.

மாடி வீட்டு வெளிவேலைக்குச் சாரம் யார் செலவு என்பதை எழுதாமல் தொடங்காதீர்கள். வீட்டை ஒட்டி மின்கம்பி போகிறது என்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அந்தப் பக்கம் அடிக்கும் நேரத்துக்கு லைனை நிறுத்திக்கொள்ள வேண்டும். இரும்பு ஏணியும் ஈரக் கையும் கம்பியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் "பாத்து பண்ணிக்கிறோம்" என்றே வேலை நடக்கிறது. அனுமதிக்காதீர்கள். சாரத்தில் ஏறுபவருக்குப் பாதுகாப்பு பெல்ட் இருக்கிறதா என்று கேட்பதும் அமர்த்துபவர் கடமை.

கிரில்லுக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டு, எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) இரண்டு கோட்டு. பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆகாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தரை போட்ட வீடுகள் நிறைய. வெளிர் நிறக் கிரானைட்டில் டர்பென்டைன், எனாமல் சிந்தினால் உள்ளே இறங்கிக் கறையாகிவிடும், அதனால் தரைக்குத் தடித்த விரிப்பு கட்டாயம்.

கம்பெனி சேவைக்கு வருவோம். ஏசியன் பெயின்ட்ஸ், பெர்ஜர் போன்றவை இதை நடத்துகின்றன. இணையத்தில் பின்கோடு போட்டால் உங்கள் பகுதிக்கு உண்டா என்று தெரியும். வந்து அளந்து, ஈரமானி வைத்துப் பார்த்து, அறை அறையாக விலைப்பட்டியல் தருவார்கள். தூசியை உறிஞ்சிக்கொண்டே தேய்க்கும் மெஷின் இருக்கும், சாமான்களை மூடுவார்கள், மேற்பார்வைக்கு ஒருவர் இருப்பார். ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தேய்ப்பு மெஷின் ஒன்றுக்காகவே இதைச் சொல்லலாம். ஆனால் பிரஷ் பிடிப்பவர்கள் இங்கேயும் காண்ட்ராக்டரின் ஆட்கள்தான். அதனால் மேலே சொன்ன விளக்கு, டேப் பரிசோதனைகள் இங்கும் செய்ய வேண்டியவையே. உத்தரவாதம் என்று எழுதித் தருவதில் ஓதம், கட்டட விரிசல் பொதுவாகச் சேராது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

எந்த வழியானாலும் அரைப் பக்கத் தாளில் ஒப்பந்தம் எழுதிவிடுங்கள்: எந்தச் சுவருக்கு என்ன வேலை, எத்தனை கோட்டு, ரேட், கதவு ஜன்னல் கழிப்பதா இல்லையா, சாரம், தரை சுத்தம், முடிக்கும் நாள். கூலியை நிலை நிலையாகக் கொடுங்கள். முன்பணம் பத்தில் இரண்டு பங்குக்குள். பட்டி தேய்த்து விளக்கு வைத்துப் பார்த்த பிறகு மூன்று பங்கு. முதல் கோட்டுக்குப் பிறகு மூன்று. மீதி இரண்டு, பகல் வெளிச்சத்தில் அறை அறையாகச் சுற்றிப் பார்த்து, சுவிட்சு போர்டு ஓரம், ஜன்னல் மூலை, கதவின் மேல் விளிம்பு எல்லாம் சரியான பிறகு. கொடுக்க வேண்டிய நாளில் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை கூலி வாங்கித்தான் அந்தக் குழுவில் நான்கு வீட்டில் அடுப்பு எரிகிறது, இழுத்தடிக்கும் வீட்டில் யாருக்கும் கை நன்றாக ஓடாது.

மிச்சமான பெயிண்டில் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர், தண்ணீர் கலக்காததாக, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து வைத்து, அதன்மேல் நிற எண், அறை, தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் சுவரில் கீறல் விழுந்தால் அதையே தொட்டுவிடலாம். அதற்குப் பிறகு என்றால் சுவர் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கும். அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை முழுதாக ஒரு கோட்டு ஓட்டச் சொல்லுங்கள்.